அரைச் சுற்று

நீண்ட ஆலோசனைக்குப் பின், பக்கத்து வீட்டு ஸ்டீபன் அண்ணனின் டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டரில் கார்புரேட்டரின் காற்றுத் திருகை அரைச் சுற்றுத் திறப்பதென்று இன்று காலை தீர்மானித்தேன்.

திறந்தேன். புகைச் சோதனையில் இரண்டு முறை தோற்ற வண்டி இம்முறை தேறியது.

அண்ணனும் நானும் திரும்பும் வழியில் வண்டி திணறியது. உதியன்குளங்கரையில் மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார்.

"வெள்ளையா வெந்து கெடக்கு. பெட்ரோல் கொறவு, காத்து கூடுதலாக்கும். சூடாகி பிஸ்டன் பிடிச்சு வண்டி நிக்கும் மக்கா."

நான் சான்றிதழைக் காட்டினேன்.

"அத பிஸ்டனுக்கு வாசிச்சுக் காட்டு."

"மேரிக்கு டயாலிசிஸ் உண்டு, நேரமாச்சு. நாளைக்கு வாறேன்," என்று மனைவியைக் கூட்டிப்போக அண்ணன் கிளம்பிவிட்டார்.

மாலையில் போன் செய்தார். காரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு இரண்டு கிலோமீட்டர் முன்பு பிஸ்டன் பிடித்துவிட்டது. ஆட்டோ கிடைக்கவில்லை. மேரி அக்கா மீதித் தூரம் நடந்தார்.

சான்றிதழ் ஆறு மாதம் செல்லும்.