பூனை அளவு யானை

பக்கத்து ஷெட்டில் சூளைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் எனக்கு வயிறு எரியும். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எரியும். ஒரு முறை டாக்டரிடம் போனேன். காரத்தைக் குறையுங்கள் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். பக்கத்து ஷெட்காரனைக் குறைக்க மாத்திரை உண்டா என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. வெளியே பேஷன்ட்டுகள் காத்திருந்ததால் விட்டுவிட்டேன்.

விருத்தாசலத்தில் எங்கள் வரிசை முழுக்கப் பீங்கான் பொம்மை செய்யும் ஷெட்டுகள். தகரக் கூரை, ஆளுக்கொரு சின்னச் சூளை, இடையில் கழுத்து உயரத்துக்கு ஒரு சுவர். பக்கத்து ஷெட்காரனும் நானும் பள்ளியில் ஒரே பெஞ்சு. அவன் என்னை மாப்ள என்பான், நான் அவனை மச்சான் என்பேன். உறவு ஒன்றும் கிடையாது. இருந்திருந்தால் இன்னும் வசதியாகப் பொறாமைப்பட்டிருப்பேன்.

நான் செய்வது கொட்டாவி விடுகிற மனிதன். சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பான். தொப்பை மடியில் இறங்கியிருக்கும். வாயை மூடுவதற்கு ஒரு கை கிளம்பியிருக்கும், இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது. கரண்ட் போன ஒரு மத்தியானத்தில், கண்ணாடியை எதிரே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து நானே செய்தது. முதல் பொம்மையைக் கையில் வாங்கிப் பார்த்த என் மனைவி, "ஒண்ண வெச்சிக்கினு நான் படறது போதாதா? இன்னொன்னு வேறயா?" என்றாள். வாங்குகிறவர்கள் இருந்தார்கள். ஆனால் எங்கள் ஊர் மழை மாதிரி, வந்தால் உண்டு.

அந்தச் சமயத்தில்தான் யானை வந்தது.

மங்கலம்பேட்டையில், வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் வீட்டு ஹாலில் தும்பிக்கையைத் தூக்கிய பீங்கான் யானை ஒன்றை மச்சான் பார்த்துவிட்டான். வளர்ந்த நாய் உயரம் இருக்கும். கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கி வந்து, அதன் மேல் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி அச்சு எடுத்துக்கொண்டு, துடைத்துத் திருப்பிக் கொடுத்தான். அந்த அச்சில் களிமண் கரைசலை ஊற்றி எடுத்தால் யானை. காய வைத்துச் சூளையில் வேக வைத்தால் விற்கிற யானை. வாசலில் வைத்தால் வீட்டுக்கு நல்லது என்று யாரோ கிளப்பிவிட, ஜனங்கள் ஜோடி ஜோடியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பிறகென்ன, வரிசையே யானைக்கு மாறியது. எங்கள் வரிசையில் இதற்குத் திருட்டு என்று பெயர் கிடையாது. கேட்டு வாங்க வேண்டும், அச்சு எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிட வேண்டும், கொடுத்தவருக்கு ஒரு டீ வாங்கித் தர வேண்டும். அதுதான் மரியாதை. பிள்ளையார் போட்டவர், கிளி போட்டவர், தலையாட்டிச் செட்டியார் போட்டவர் எல்லாரும் ஒருவருக்கொருவர் டீ வாங்கிக் கொடுத்து யானை போட ஆரம்பித்தார்கள். நான் மட்டும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன்.

கொள்கைப் பிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். மச்சானிடம் போய் "யானை குடு" என்று கேட்பதற்குப் பதில் நான் நிஜ யானையிடமே மிதிபட்டுவிடுவேன்.

"ஊரே யானை போடுது, உங்களுக்கு மட்டும் இன்னா கேடு?" என்றாள் மனைவி.

"நான் ஊரு மாதிரி இல்ல."

"அது தெரியுது. ஊரு சரக்கு லாரி ஏறுது. உங்க சரக்கு அலமாரில உக்காந்து கொட்டாவி உடுது."

ஒரு நாள் டீக்கடையில் மச்சானே ஆரம்பித்தான். "மாப்ள, வந்து ஒரு யானைய எடுத்துக்கினு போ. நீ டீகூட வாங்கித் தர வேணாம்."

"பாக்கறேன் மச்சான்."

"இன்னாத்தப் பாக்கற? இந்த சீசனுக்கும் உன் சரக்கு நின்னுபோச்சின்னா பேசாம ஷெட்ட மூடிட்டு என்கிட்ட வந்துரு. யானைக்குக் கண்ணு எழுத உன்ன மாதிரி கை இந்த வரிசைலயே கெடையாது."

கிண்டலாகச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். பாவி, பாசமாகச் சொன்னான். அன்றைக்குப் பூராவும் எனக்குள் ஒரு சினிமா ஓடியது. காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு நான் அவன் ஷெட்டுக்குப் போகிறேன். வரிசையாக அவனுடைய யானைகளுக்குக் கண் எழுதுகிறேன். "மச்சான், மத்தியானத்துக்கு மேல லீவு வேணும்" என்று தலையைச் சொறிகிறேன். அவன் "போயிட்டு வா மாப்ள" என்று பெருந்தன்மையாக அனுப்புகிறான். அந்தப் பெருந்தன்மை வந்ததும் சினிமாவை நிறுத்திவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டேன்.

நவராத்திரிக்கு முன்னால் வருஷா வருஷம் ஒரு வியாபாரி வேப்பூர் ரோட்டில் லாரியோடு வந்து, ஷெட் ஷெட்டாக ஏறி இறங்கிச் சரக்கு எடுப்பார். அவர் எடுத்தால்தான் அந்த வருஷம் ஷெட் ஓடும். இந்த முறை போனில், "அண்ணே, யானை போட்டு வெச்சிருக்கீங்கல்ல?" என்று கேட்டார். "இல்லாமயா?" என்று சொல்லிவிட்டேன். வாய் என்னுடையது, பேசியது என் பயம்.

உடனே ஓடினேன். எங்கே? பத்தடி தள்ளி மச்சான் ஷெட்டில் யானைகள் பளபளவென்று நிற்கின்றன. அதைத் தாண்டி, வரிசையின் கடைசி ஷெட்டுக்கு ஓடினேன். அங்கே இருந்த பெரியவரிடம் ஒரு யானையை இரவல் வாங்கினேன், டீ வாங்கிக் கொடுத்தேன். சாக்கில் சுற்றி, மச்சான் கண்ணில் படாமல் பின்பக்கமாகத் தூக்கிவந்து அச்சு எடுத்தேன்.

மண் காயும்போது சுருங்கும், வேகும்போது இன்னும் சுருங்கும். இது எங்கள் தொழிலில் முதல் நாள் சேர்ந்தவருக்கும் தெரியும். வெந்த பொம்மையிலிருந்து அச்சு எடுத்தால் அடுத்த பொம்மை ஒரு சுற்று இளைத்துத்தான் வரும். கடைசி ஷெட்காரர் யானை எடுத்தது அவர் பக்கத்து ஷெட்டிலிருந்து. அவர் எடுத்தது அவருக்குப் பக்கத்தில். இப்படியே யானை ஷெட்டுக்கு ஷெட் இளைத்துக்கொண்டே போய்க் கடைசியில் நின்றிருக்கிறது. எனக்கு அது தோன்றவே இல்லை. தலை முழுக்க மச்சான் இருந்தான், மண்ணுக்கு இடமில்லை.

சூளையைத் திறந்தேன். உள்ளே பூனைகள் நின்றன. தும்பிக்கை வைத்த, சரியாகச் சாப்பிடாத பூனைகள். கைக்குக் கை அச்சு மாறியதில் தந்தங்கள் பரு மாதிரி ஆகியிருந்தன.

மனைவி ஒன்றைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏங்க, இதுல வாலு எந்தப் பக்கம்?"

வியாபாரி சொன்ன நாளுக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர், ஆனால் விளையாட்டுக்காரர். ஒவ்வொரு ஷெட்டிலிருந்தும் ஒரு யானையை மாதிரிக்கு எடுத்துக்கொண்டே வந்து, என் ஷெட்டில் இருந்த பெஞ்சில் உயர வரிசைப்படி நிறுத்தினார். குடும்பப் போட்டோ மாதிரி இருந்தது. முதலில் மச்சானுடைய யானை, அப்பா மாதிரி. கடைசியில் என்னுடையது.

"இன்னாண்ணே, இது கொறப் பிரசவமா?" என்றார்.

சுவருக்கு மேலே தலையை நீட்டியிருந்த மச்சான் சிரித்தான். லோடு ஏற்ற வந்தவர்கள் சிரித்தார்கள். எல்லாரையும் விடச் சத்தமாக நான் சிரித்தேன். வரிசையில் எனக்குக் கோமாளி என்று பேர். அந்த நேரத்தில் பேரைக் காப்பாற்றாவிட்டால் அழுகைதான் வந்திருக்கும்.

"மாப்ள, என்னக் கேட்டிருந்தா பெரிசு குடுத்திருப்பேன் இல்ல?" என்றான் மச்சான். அதே பாசம். ஷெட் போயிற்று என்று முடிவு செய்துகொண்டு, நாளைக்கு எந்தத் தூக்கில் சாப்பாடு கொண்டுபோவது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

வியாபாரி வருகிறார் என்று கொட்டாவி மனிதர்களை எல்லாம் அலமாரிக்குப் பின்னால் தள்ளிச் சாக்குப் போட்டு மூடியிருந்தேன். ஒருவன் மட்டும், பொம்மை சுற்றுகிற பழைய பேப்பர் கட்டு பறக்காமல் இருக்க அதன் மேல் உட்கார்ந்திருந்தான். வியாபாரி கிளம்பத் திரும்பியவர் அவனைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். பார்த்தபடியே வாயைத் திறந்து, தாடை கழன்றுவிடும்போல ஒரு கொட்டாவி விட்டார்.

அவரைப் பார்த்து லோடுக்காரர் ஒருவர் விட்டார். அவரைப் பார்த்து இன்னொருவர். சுவருக்கு மேலே மச்சான் கையால் வாயைப் பொத்திப் பார்த்தான், முடியவில்லை.

"இன்னாண்ணே இது? ராத்திரி நல்லாத்தான தூங்கனேன்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் வியாபாரி. பொம்மையின் தொப்பையைப் பார்த்தார், என் தொப்பையைப் பார்த்தார். "ஓ, நீங்கதானா? இருக்கறதெல்லாம் பெட்டில போடுங்க. போவலன்னா திருப்பிக் கொண்ணாந்து எறக்கிருவேன், சொல்லிட்டேன்."

"யானை?"

"அதுக்கு வூட்டுல பால் ஊத்தி வளங்க."

திருப்பி இறக்க அவர் வரவில்லை. தீபாவளிக்கு முன்னால் போன்தான் வந்தது. கடைக்கு வருகிறவர்கள் பொம்மையைப் பார்த்துக் கொட்டாவி விட்டு, விட்டதற்காகச் சிரித்து, சிரித்ததற்காக வாங்கிப் போகிறார்களாம். இன்னும் வேண்டுமாம். ஷெட்டுக்கு அந்த வருஷம் உயிர் இருந்தது.

மறுநாள் மச்சான் வந்தான். சுவருக்கு மேலே எட்டிப் பார்க்கவில்லை, வாசல் வழியாகவே வந்தான். "மாப்ள, அந்தக் கொட்டாவிக்காரன ஒரு நாளைக்குக் குடேன்."

"தாராளமா எடுத்துக்க மச்சான்" என்றேன். அவன் டீ வாங்கிக் கொடுத்தான். இத்தனை வருஷமாக அதே கடையில் குடிக்கிறேன், அப்படி ஒரு டீயைக் குடித்ததில்லை. சுருங்கித்தானே வரப்போகிறது என்பது ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கரண்டி சர்க்கரை போட்டது.

சுருங்கித்தான் வந்தது. ஆனால் மண் சுருங்கி, அதன் மேல் பளபளப்புக்குக் கிளேஸும் பூசியதில் பொம்மையின் வாய் சின்ன வட்டமாகிவிட்டது. கொட்டாவி போய், தொப்பைக்காரன் ஒருவன் உட்கார்ந்து விசில் அடிப்பது மாதிரி ஆகிவிட்டது. அதையும் ஜனங்கள் வாங்கினார்கள். என்னுடையதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வாங்கினார்கள் என்று வியாபாரி சொன்னபோது, போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மாத்திரையைத் தேடினேன்.

என் மூஞ்சி, என் தொப்பை, விசில் மட்டும் அவனுடையது! அவன் ஷெட்டுக்குப் போய் ஒன்றை வாங்கி வந்தேன். இந்த முறை நேராக அவனிடமே கேட்டேன், அந்த அளவுக்குப் பீதி. பிளாஸ்டர் மூட்டையின் வாயைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றாள்.

"இதுல அச்சு எடுத்தா வாய் சுத்தமா மூடிக்கும். கம்முனு உக்காந்திருக்கற ஆளு வருவான்."

கையில் இருந்தவனைப் பார்த்தேன். விசில் அடிக்கிற நான். இதற்கு அடுத்த நான் வாய் மூடிய ஆள். அதற்கு அடுத்தவன் பூனை அளவு இருப்பான். மூட்டையைத் திருப்பிக் கட்டிவிட்டு, கண்ணாடியை எடுத்து எதிரே வைத்தேன்.

இப்போது தும்மப் போகிற ஒருவனைச் செய்துகொண்டிருக்கிறேன். தும்மல் மூக்கு வரைக்கும் வந்துவிட்டது, இன்னும் வெளியே வரவில்லை. கண்கள் பாதி மூடியிருக்கின்றன. மூக்கு என்னுடையதுதான், அதனால் மண் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கிறது. விற்குமா என்று தெரியாது. பக்கத்தில் மச்சானின் சூளைக் கதவு திறந்தது, வழக்கம்போல வயிறு எரிந்தது.

"மாப்ள, ரெண்டு நாளா சத்தத்தக் காணும். இன்னா செய்யற?"

"ஒன்னுமில்ல மச்சான்" என்று ஈரத்துணியைப் போட்டு மூடினேன். சுவருக்கு மேலே அவன் கழுத்து நீண்டது, குதிகாலைத் தூக்கியிருப்பான் போலிருக்கிறது, இன்னும் நீண்டது. துணியின் ஓரத்தை நன்றாக இழுத்துவிட்டேன். அன்றைக்கு மாத்திரை போட்டுக்கொள்ளவில்லை.