பேருந்து நிலையச் சுவரில் என் மகள்

மகள் பிறந்ததிலிருந்து அவளைப் பற்றி இணையத்தில் எழுதிவருகிறேன். பல் முளைத்தது, காய்ச்சல் கண்டது, எல்லாம். யார் கண்ணில் படுமோ என்று பயம் வந்தால் அந்தப் பதிவை உடனே அழித்துவிடுவேன். பதிப்பாளர் ஒருவர் மற்றவற்றைப் புத்தகமாக்கக் கேட்டார். அட்டைக்கு அவள் படத்தையும் கேட்டார். சரி என்று சொல்லிவிட்டு, சொன்னது சரியா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

வெளியீட்டு விழா நெருங்கியிருந்தது. ஒரு மதியம் பின்தெரு அக்கா வந்தார். தலையில் வழக்கமான பூ இல்லை. ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் கொடுத்தேன்; தொடவில்லை. உள்ளே தூளியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். தூளியைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு எழுந்து, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கி நடந்தார்.

எங்கள் பக்கம் அப்படிக் கிளம்புவது சாவு வீட்டிலிருந்து மட்டும்தான்.

தூளிக்கு ஓடி அவள் மூக்கருகே விரல் வைத்தேன். மூச்சு வந்தது. விரலை நம்பாமல் தட்டி எழுப்பி அழவைத்தேன். அந்த அழுகை கேட்டு அக்கா தெருவில் அப்படியே நின்றுவிட்டார்.

"கொயந்த நல்லா கீதா?"

"ஏங்க்கா, இன்னா ஆச்சு?"

"பஸ் ஸ்டாண்டு செவுத்துல போட்டோ ஒட்டிக்கீறாங்களேம்மா, கறுப்பு வெள்ளையில. கீழ இன்னா எழுதிக்கீதுன்னு யாரு நின்னு படிச்சா?"

விழாவுக்கான சுவரொட்டி. இதே படத்தை இணையத்தில் போட்டபோது முகம் தெரியாதவர்களெல்லாம் வாழ்த்தினார்கள். இங்கே கறுப்பு வெள்ளை முகம் சுவருக்கு வருவது கண்ணீர் அஞ்சலிக்குத்தான். பதிப்பாளருக்குத் தோன்றவில்லை. எனக்கும் ஏன் தோன்றவில்லை?

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்காவோடு போனேன். சுவரில் அவள் முகத்துக்கு இரண்டு பக்கமும் நிஜமாகவே இறந்தவர்கள். கிழிக்கக் கை வரவில்லை. கிழித்தால் நகம் அவள் கன்னத்தில்தான் படும். அக்கா பாட்டில் தண்ணீரை ஊற்ற ஊற்ற, ஓரத்திலிருந்து மெல்ல உரித்தோம். கைப்பேசியில் என்றால் அழிக்க ஒரு விரல் போதும்.

பதிப்பாளரை அழைத்து, வேறு எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேட்டேன். சாலவாக்கம் வழியில் சில இடங்கள், சரியாக எங்கே என்பது ஒட்டியவருக்குத்தான் தெரியும் என்றார்.

பாட்டிலை நிரப்பிக்கொண்டு சாலவாக்கம் பேருந்தில் ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்து நானும் அக்காவும் சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டே போனோம். முதலில் கண்டது மடியிலிருந்த அவள்தான்.

கண்ணாடியில் விரலை வைத்து, "பாப்பா" என்றாள்.