அவள் பெயரில் ஓடிய வேலை

என் சின்ன மருமகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்றால் உடனே நர்ஸா என்று கேட்பார்கள். இல்லை. மூன்றாம் மாடியில், பல் கிட்டிப்போகும் குளிரில், கம்ப்யூட்டர்களுக்கு நாடி பிடிக்கிறவள். எனக்கு எழுத்துத் தெரியாது. அவள் வேலை தெரியும். தினமும் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு அவள் சொல்லிச் சொல்லி எனக்குப் பாடமாகிவிட்டது.

அங்கே யூனிக்ஸ் என்று ஓர் ஏற்பாடு. குறித்து வைத்த வேலையைக் குறித்த நேரத்துக்குத் தானே செய்துவிடும். இவள் பொறுப்பில் இருந்தது காலை பதினொரு மணி வேலை. சிறுநீரகம் கெட்டு, ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வருகிறவர்கள் யார் யார், எந்தத் தெரு என்கிற பட்டியல் அந்த நேரத்துக்கு வண்டி டிரைவர்களின் போனுக்குப் போகவேண்டும். பட்டியல் போனால்தான் வண்டி வரும்.

அதே அறையில் பெரியக்கா. எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். ஒன்பது வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். என் பேத்தி பிறந்தபோது லீவில் வந்த மருமகள், தன் பாஸ்வேர்டை அவளிடம் சொல்லிவிட்டு வந்தாள். ஊருக்குப் போகிறவர்கள் அடுத்த வீட்டில் சாவி கொடுப்பதில்லையா, அப்படி. திரும்பி வந்த பிறகு சாவியை வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

போன வருஷம் எல்லாவற்றையும் பழைய மெஷினிலிருந்து புது மெஷினுக்கு மாற்றினார்கள். மாற்றியது பெரியக்கா. ஒரு தடங்கலும் இல்லாமல் முடித்தாள் என்று அவளைத் தலைமைப் பொறுப்பில் வைத்தார்கள். அன்றைக்கு என் மருமகள்தான் அதிகமாகக் கைதட்டியவள்.

நாலு மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை பெரியக்கா காய்ச்சல் என்று வரவில்லை. அன்றைக்குப் பட்டியல் போகவில்லை. பதினோரு பேர் வண்டிக்குக் காத்திருந்தார்கள். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். இரண்டு மணிவரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்து, கால் வீங்கி, மூச்சு முட்டிப்போய், அவர் பெண் ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்தாள். பிழைத்துக்கொண்டார்.

மேலாளர் மருமகளைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். நாளை மாலைக்குள் சரியான விளக்கம் தராவிட்டால் வேலை இல்லை.

இவள் அழவில்லை. போய் உட்கார்ந்து அந்த வேலையைக் கையால், தானே கட்டளை தட்டி, ஓட்டிப் பார்த்தாள். ஓடியது. கடிகாரத்தின் பொறுப்பில் விட்டாள். ஓடவில்லை. வீட்டில் கணீரென்று பாட்டுச் சொல்லும் பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்காதே, அந்தக் கதை. ஏன் ஓடவில்லை என்றாவது அது சொல்லவேண்டும்; அதையும் காணோம். நேரம் குறித்த வரியைக் கடைசிவரை படித்தாள். பிழை எது வந்தாலும் யாருக்கும் சொல்லாமல் வெளியே கொட்டிவிடு என்று அதற்கு ஒரு வால் ஒட்டியிருந்தது. அவள் எழுதிய வால் இல்லை அது.

வாலை அறுத்தாள். இன்னும் மூன்று நிமிஷத்தில் ஓடு என்று வைத்துவிட்டுக் காத்திருந்தாள். இப்போது அது வாயைத் திறந்தது: பட்டியல் போடும் புரோகிராமைக் காணோம். புது மெஷினில் அது வேறு இடத்தில் இருந்திருக்கிறது. ஆள் உட்கார்ந்து ஓட்டினால் எங்கெல்லாம் தேடவேண்டுமோ அங்கெல்லாம் தேடும். தானே ஓடும்போது அதற்குத் தெரிந்தது இரண்டு மூன்று இடம்தான். முழு விலாசத்தையும் எழுதிவைத்தாள். ஓடிவிட்டது.

அப்படியானால் மாற்றிய நாளிலிருந்தே அது ஓடவில்லை. நாலு மாதம் பட்டியல் எப்படிப் போனது? யார், எப்போது, எதை ஓட்டினார்கள் என்று மெஷின் தானே எழுதிவைக்கும் பதிவைத் திறந்தாள். தினமும் பதினொரு மணி தாண்டி இரண்டாவது நிமிஷத்தில், பதினொன்று இரண்டுக்கு, யாரோ கையால் ஓட்டியிருக்கிறார்கள். பெயரைப் பார்த்தாள். அவள் பெயர்.

இதை மேலாளரிடம் காட்டினால் கத்தியையும் கொடுத்துக் கழுத்தையும் நீட்டின மாதிரி. பதிவில் இருந்த தேதிகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து பெரியக்காவுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, என் பேர்ல யாருக்கா ஓட்டினது?”

“உன் பேர்ல வேற யாரு ஓட்டுவா? நீதான்.”

“நான் ஓட்டலக்கா.”

“கொழந்தை, வீடு, மாமியாருன்னு ஆயிரம் வெச்சிருக்க, மறந்திருப்ப. நான் வேணா மேனேஜர்கிட்ட சொல்றேன், பாவம், அவளுக்கு மறதின்னு.”

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “எனக்கே சந்தேகமா இருக்கு அத்தை. நான்தான் பண்ணியிருப்பேனோ?”

“உன் கை செஞ்சது உனக்குத் தெரியாதா? எந்தெந்தத் தேதின்னு படி.”

படித்துக்கொண்டே வந்தாள். ஒரு புதன்கிழமை வந்ததும் நிறுத்தச் சொன்னேன். அன்றைக்கு எனக்குக் கண் ஆபரேஷன். பதினொன்று இரண்டுக்கு அவள் வேறோர் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆடாதீங்க அத்தை என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அந்தப் புதன்கிழமையின் பதிவைத் தோண்டினாள். எந்த மேசையிலிருந்து உள்ளே நுழைந்தார்கள் என்பதும் அதில் இருந்தது. ஜன்னலோர மேசை. பெரியக்காவுடையது. மாற்றியதில் பிசகிவிட்டது என்று தெரிந்ததும், கிடைத்த பதவி போய்விடுமே என்று பிழையின் வாயைக் கட்டிவிட்டுத் தினமும் கையால் தள்ளியிருக்கிறாள். என்றைக்காவது வெளியே வந்தால் மாட்டுவதற்கு இன்னொருத்தி பெயர்.

மேலாளர் எல்லாவற்றையும் பார்த்தார். கடிதத்தைக் கிழித்துப் போட்டார். “இப்ப ஓடுதுல்ல? இதோட விட்டுடலாம்மா” என்றார். பெரியக்காவின் நாற்காலி அசையவில்லை.

காய்ச்சல் விட்டு வந்தவள் நேராக இவளிடம்தான் வந்தாளாம். “ஒரு வார்த்தை சொல்லாம என்னைக் காட்டிக் குடுத்துட்டியேடி.”

“போன் போட்டுக் கேட்டேனேக்கா” என்றாளாம் இவள். அவ்வளவுதான். சண்டை போடத் தெரியாத ஜன்மம்.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள். பிழை வந்தால் தன் போனில் மணி அடிக்கும்படி வைத்துக்கொண்டாள். ஆனால் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அவ தப்புப் பண்ணினதுகூடப் போகட்டும் அத்தை. பதினொண்ணு ரெண்டுக்கு என் பேரைப் போட்டு ஓட்டிட்டு, ஒரு மணிக்கு வந்து என் டப்பாவுல கை வெச்சிருக்கா. நாலு மாசம்.”

நான் தட்டில் இன்னொரு கரண்டி மோர் விட்டேன்.

“மன்னிச்சுத்தான் ஆகணும். தினம் அவ முகத்துலதானே முழிக்கணும்.”

“நீ மன்னிச்சுக்கோ. உனக்காவது அங்க சம்பளம் குடுக்கறாங்க. எனக்கென்ன வந்துச்சு, அவளை மன்னிக்க?” என்றேன்.