நான் வேண்டாம் என்று நிறுத்திய பிடி அரிசி

ஆண்டவரை நம்பிப் பிழைக்கிற என் சொந்தங்களே, சென்னீர்குப்பம் செங்கல் சூளை ஆசீர்வாதம் எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். எழுத்தில் பிழை இருக்கும். நடந்ததில் பிழை இல்லை.

பர்மா அரிசி கப்பலில் வருவது நின்றுபோன வருஷம். ஐப்பசி முதல் வாரம். நாலு நாள் விடாமல் மழை. ஒரு நடுப்பகலில் என் நெல் கிடங்கைத் திறந்தேன். உள்ளேயிருந்து புளித்த கள் வாடை அடித்தது. முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மூட்டைகள் ஊதிப் பிதுங்கிக் கிடந்தன. மேல் மூட்டைகளில் சாக்கைத் துளைத்துக்கொண்டு பச்சை முளை வந்திருந்தது. அடி மூட்டையில் கையை விட்டேன். கூழாக வந்தது. கை சுட்டது, அத்தனை சூடு உள்ளே.

அந்த நெல் எனக்காக வைத்தது அல்ல. அறுபது பிள்ளைகளுக்காக வைத்தது.

அதைச் சொல்ல வேண்டுமானால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏழு வயதில் சூளையில் கல் சுமந்தேன். அப்பன் இல்லை, ஆயி இல்லை. எவனும் எனக்கு வழி காட்டவில்லை. நானே கண் பார்த்துக் கை செய்து சொந்தச் சூளை போட்டேன். ஆவடியில் பட்டாளத்துக்காகக் கட்டின கொட்டகைகளில் பாதி என் கல். செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் நிலம் வாங்கினேன். எங்கள் சபை ஆலயம் கீற்றுக் கொட்டகையாக இருந்தது. அதற்குச் சுவர் எழுப்பினவன் நான். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன். ஆண்டவர் என்னை எங்கேயிருந்து தூக்கினார் என்று தெரிந்தால்தானே எங்கே இறக்கினார் என்று தெரியும்.

சூளை வேலை மழை பிடித்தால் நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் கல் அறுக்கிறவர்களுக்குக் கூலி இல்லை. தையில்தான் மறுபடி மண் மிதிப்பார்கள். அந்த மூன்று மாதம் அவர்கள் பிள்ளைகள் என்ன சாப்பிடும்? எனக்குத் தெரியும். நான் சாப்பிடாமல் இருந்தவன். அதற்காகத்தான் எங்கள் சபையில் தரும சங்கம் தொடங்கினோம். வருஷா வருஷம் மழைக்காலம் முழுவதும் சூளைப் பிள்ளைகளுக்குத் தினம் ஒருவேளை கஞ்சி. எந்த மதம், எந்தத் தெரு என்று கேட்பதில்லை. கஞ்சிக் காலம் முடிகிற அன்று ஆளுக்கு ஒரு துணி, எழுதப் பலகை. இதுதான் சங்கத்தின் வேலை.

கஞ்சிக்கு அரிசி எப்படி வந்தது? சபைப் பெண்கள் தினம் உலையில் அரிசி போடும் முன்னே ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். பிடி அரிசி என்று பெயர். சிவப்பரிசி, நொய், புழுங்கல், பச்சை எல்லாம் ஒன்றாய்க் கலந்திருக்கும். கஞ்சி வைத்தால் ஒன்று குழையும், ஒன்று விறைக்கும்.

எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த ஐப்பசிக்கு எட்டு மாதம் முந்தி, மாசி மாதச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். "இனிமே பிடி அரிசி வேணாம். என் நிலத்து நெல்லு, ஒரே ரகம், நான் தரேன். மூணு மாசத்துக்கும் நானே தரேன்" என்றேன். ஆண்கள் கை தட்டினார்கள். பெண்கள் பக்கம் சத்தம் இல்லை.

வீடு திரும்பும்போது வண்டியில் என் மனைவி ரூத்தம்மாள் கேட்டாள்: "இன்னாங்க, ஆண்டவருக்கு லீவு குடுத்துட்டீங்களா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா வா" என்றேன்.

அறுத்த நெல் முழுவதையும் வைக்க சூளை ஓரத்தில் புதுக் கிடங்கு கட்டினேன். என் கல், என் கையால் பூசின சுவர். மண் வெட்டின பள்ளத்துக்குப் பக்கத்தில் கட்டிடம் கட்டக்கூடாது என்று சூளையில் எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? கல் சுமக்கிற தூரம் குறையும் என்று அங்கேயே கட்டினேன். மழையில் பள்ளம் நிரம்பியது. தண்ணீர் சுவர் வழியாக வரவில்லை, சுவரில் ஒரு கீறல் கிடையாது. தரைக்குக் கீழேயிருந்து ஊறி வந்தது. என் சுவர் அவ்வளவு கெட்டி. உள்ளே வந்த தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை.

கிடங்கைப் பூட்டினேன். சாவியை இடுப்பில் முடிந்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை, ரூத்தம்மாளிடமும் சொல்லவில்லை.

பூந்தமல்லி மண்டிக்கு ஓடினேன். கையில் பணம் இருந்தது. மண்டிக்காரர் சிரித்தார். "பர்மாவே கைய வுட்டுப் பூட்ச்சி. நீ வேற நைனா! என் ஊட்டுக்கே அளந்துதான் போடறேன்" என்றார். இரண்டு நாள் கிராமம் கிராமமாக வேப்பம்பட்டு வரை வண்டி ஓட்டினேன். நெல் வைத்திருந்தவன் வெளியே எடுக்கப் பயந்தான். பயப்படாதவனிடம் நெல் இல்லை. என் வீட்டில் இருந்த அரிசி எங்கள் வயிற்றுக்கே மார்கழி வரை தாங்காது.

திங்கட்கிழமை கஞ்சி தொடங்க வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் கன்னியம்மாள் வந்தாள். என் சூளையில் கல் அறுக்கிறவள். புருஷனை மலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி கூட்டிக்கொண்டு போனான். போனவன் காய்ச்சலில் அங்கேயே செத்தான். மூன்று பிள்ளைகள். அதே கங்காணி இப்போது அவளையும் பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். போன தடவை அவன் வந்தபோது நான்தான் அவளைத் தடுத்தேன். சங்கம் கஞ்சி ஊற்றும், தை வரை பொறு என்று வாக்குக் கொடுத்தேன்.

மழையில் நனைந்துகொண்டே கேட்டாள்: "நைனா, நாளன்னிக்கு கஞ்சி நிச்சயம்தானே? கங்காணி திங்கக்கெழம காலைல வரான். ஆவடில ரயிலு ஏத்தறானாம். இத்த வுட்டா இந்த வருசம் வரமாட்டானாம். நீ ஊத்தறேன்னா நான் போவல. ஊத்தலன்னா சொல்லிடு, புள்ளைங்கள இட்டுகினு போயிடறேன். அங்கயாச்சும் சோறு போடுவான்."

"ஆசீர்வாதம் சொன்னா சொன்னதுதான், போ" என்றேன்.

நம்பிப் போனாள். அந்த முதுகைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் பேச்சை நம்பி ரயிலை விட்டுவிடுவாள். அப்புறம் மூன்று மாதம் பிள்ளைகளோடு பட்டினி கிடப்பாள். உண்மையைச் சொன்னால் புருஷனைத் தின்ற மலைக்குப் போவாள். இரண்டுக்கும் நானே காரணம்.

கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த நாலைந்து நாளும் அங்கேதான் ஜெபித்தேன். தண்ணீரில் நின்றுகொண்டு ஜெபித்தேன். ஆனால் என்ன ஜெபம் அது! ஆண்டவரே, உமக்குச் சுவர் எழுப்பினேனே, சங்கத்துக்கு நெல் கொடுத்தேனே, எனக்கா இது என்று அவரிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தேன். மழைச் சத்தம்தான் கேட்டது. சனிக்கிழமை அந்தப் பேச்செல்லாம் வரவில்லை. ஒரே வரிதான் வந்தது. "என்னால் முடியவில்லை, ஆண்டவரே. பிள்ளைகளை நீரே பாரும்."

வெளியே வந்தபோது மனதில் ஒன்று தெளிவாக நின்றது. நாளைக்கு எல்லாருக்கும் முன்னே சொல்லிவிடு. இது என் யோசனை இல்லை. எனக்கு இப்படி யோசனை வராது.

ஞாயிறு ஆராதனை முடிகிற நேரம். எங்கள் சபையை நடத்துகிற உபதேசியார், "நாளைக்குக் கஞ்சி தொடங்குது. ஆசீர்வாதம் ஐயா ரெண்டு வார்த்தை சொல்லுவாரு" என்றார். ஒவ்வொரு வருஷமும் அந்த இரண்டு வார்த்தையை நான் அரைமணி நேரம் சொல்லுவேன். ஆண்கள் உட்கார்ந்த இடத்தில் வசதி செய்துகொண்டார்கள்.

எழுந்தேன். "கிடங்கு நெல்லு அழுகிப் பூட்ச்சி. ஒரு படிகூட தேறாது. அஞ்சு நாளா மறைச்சிகினு இருந்தேன். நாளைக்குக் கஞ்சி இல்ல. என்னால முடியல" என்றேன். சாவியை அவிழ்த்து உபதேசியார் மேஜைமேல் வைத்தேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து ரூத்தம்மாள் எழுந்தாள். முந்தானையைத் தலைமேல் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இவளே போய்விட்டாளே! பிறகு இன்னொருத்தி எழுந்தாள். இரண்டு பேர். நாலு பேர். பாய் காலியாயிற்று.

பின்னாலிருந்து ஒருத்தன், "இன்னா அண்ணாத்தே, பொம்பளைங்க எல்லாரும் ஓடிப்பூட்டாங்க! நீ அரைமணி பேசினப்பகூட ஒருத்தரும் ஓடலியே!" என்றான். யாரும் சிரிக்கவில்லை. உபதேசியார் ஒரு பாட்டை எடுத்தார். ஆண் குரல் மட்டும்தானே, மூன்றாம் அடியில் பாட்டு நொண்டி நின்றுவிட்டது. நான் தலையைக் கவிழ்த்து நின்றேன்.

அப்போது வாசலில் பேச்சும் சிரிப்பும் கேட்டது.

முதலில் ரூத்தம்மாள். சேலையெல்லாம் நனைந்திருந்தது. இடுப்பில் ஒரு பானை, அதன் வாயில் வாழை இலை கட்டி, சொட்டுத் தண்ணீர் படாமல். என் முன்னே இறக்கி வைத்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவளிடமும் பானை. இன்னொருத்தியிடம் தகர டப்பா. ஒருத்தி துணி மூட்டையைப் பிள்ளையைப்போல மார்பில் அணைத்து வந்தாள். வந்துகொண்டே இருந்தார்கள்.

"இன்னா இது?" என்றேன்.

"பிடி அரிசி" என்றாள் ரூத்தம்மாள்.

"அத்ததான் மாசிலயே நிறுத்தச் சொன்னேனே!"

"சொன்னீங்க. ஒல வச்சா கை கேக்கல. எடுத்துத் தனியாப் போட்டாத்தான் அடுத்த பிடிய எடுக்கத் தோணுது. வண்டு வைக்கக்கூடாதுன்னு பழச ஒலைல போட்டுட்டு புதுச பானைல போட்டேன். உங்ககிட்ட சொன்னா கத்துவீங்க. நான் மட்டுந்தான் திருட்டுத்தனமா செய்யறேன்னு நெனச்சிகினு இருந்தேன். ரோட்டுல பாத்தா அத்தன பேரும் பானையோட வராளுங்க!"

சொந்தங்களே, இதைக் கவனியுங்கள். ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொள்ளவில்லை. எட்டு மாதம், அரிசிக்குப் பஞ்சம் வந்த வருஷத்தில், தங்கள் வீட்டு உலையில் குறைத்து, ஒவ்வொருத்தியும் தனித்தனியே அந்தப் பிடியை எடுத்து வைத்திருக்கிறாள். நான் ஜெபித்தது ஐப்பசியில். ஆண்டவர் பதில் அனுப்பத் தொடங்கியது மாசியில். நான் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொன்ன அன்றைக்கே தொடங்கிவிட்டார்.

நான் என் அப்பன் செத்ததற்கு அழாதவன். அன்று அந்த அரிசிக்கு முன்னே உட்கார்ந்து அழுதேன்.

திங்கட்கிழமை காலை கஞ்சிக் கொப்பரை கொதித்தது. பிள்ளைகள் தகரக் குவளையோடு வரிசையில் நின்றார்கள். கங்காணி குடையோடு வந்து கன்னியம்மாள் பக்கத்தில் நின்றான்.

"இன்னாமே, மூட்ட கட்டிட்டியா? உனக்காக ரயிலு நிக்காது."

கன்னியம்மாள் அவனைப் பார்க்கவே இல்லை. "நீ போய் ஏறு. எம்புள்ளைங்க கஞ்சி குடிச்சிகினு கீதுங்க. அதுங்க குடிச்சி முடிக்கறதுக்குள்ள தை வந்துடும்" என்றாள்.

அவளுடைய சின்னப் பெண், "யம்மா, ஒரு பருக்க மெத்துனு கீது, ஒரு பருக்க கடிக்குது!" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் ஒரு குவளை வாங்கிக் குடித்தேன். பெரிய பெரிய விருந்தில் சாப்பிட்டிருக்கிறேன். பல்லில் மாட்டின அந்த விறைத்த சிவப்பரிசிக்கு ஈடாக ஒன்றும் சாப்பிட்டதில்லை.

அந்த அரிசி தை வரை வந்தது. ஒரு நாள்கூடக் கொப்பரை காயவில்லை. ஒரு பிள்ளைகூட மலை ஏறவில்லை. கிடங்கை நானே இடித்தேன். அந்தக் கல்லில்தான் மேட்டு நிலத்தில் சங்கத்துக் கஞ்சிக் கொட்டகை நிற்கிறது. நல்ல கல். அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இப்போது என் வீட்டில் தினமும் பிடி அரிசி எடுப்பது நான்தான். "உங்க கை மொறம் மாதிரி கீது. இப்படி அள்ளினா ஒலைக்கு நான் இன்னாத்தப் போடறது?" என்று ரூத்தம்மாள் சண்டை பிடிக்கிறாள். பூந்தமல்லி வட்டாரத்திலேயே என் பிடியைப்போலப் பெரிய பிடி கிடையாது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம்.

மறுவருஷம் ஐப்பசியில் கஞ்சி தொடங்கும் முன்னே கன்னியம்மாள் ஒரு சின்னக் கலயத்தோடு வந்தாள். பாதிக்கும் மேல் அரிசி இருந்தது.

"இது இன்னாத்துக்கு?" என்றேன்.

"மேற்கால இருந்து புதுசா நாலு குடும்பம் சூளைக்கு வந்துகீது நைனா. அதுங்க புள்ளைங்களுக்கு" என்றாள். கூலி வாங்கிச் சமைத்த ஒன்பது மாதமும் எடுத்து வைத்திருக்கிறாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அந்தக் கலயத்தை நான்தான் முதலாவதாகக் கொப்பரையில் கொட்டினேன். அன்றிலிருந்து எங்கள் சங்கத்தில் முதல் பிடி சூளைப் பெண்களுடையது. என் பானை கடைசி.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது, உள்ளே அழுகிப்போனதைப் பூட்டி வைத்துவிட்டு, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு ஊருக்குள் நிமிர்ந்து நடந்துகொண்டிருக்கலாம். நானும் நடந்தேன். என்னைவிட நன்றாக ஒருவரும் நடந்திருக்க மாட்டார்கள். போதும், சாவியை அவிழ்த்து மேஜைமேல் வையுங்கள். போயிற்று, என்னால் முடியவில்லை என்று ஆண்டவரிடமும் சொல்லுங்கள், அவருடைய ஜனங்களிடமும் சொல்லுங்கள். உங்களுக்கான பிடி எந்த வீட்டுப் பானையிலோ எட்டு மாதமாக விழுந்துகொண்டிருக்கிறது.