லென்ஸில் குறையில்லை

"தாடையை இங்கன வைங்க. நெத்தியை முன்னால ஒட்டுங்க. அந்தப் பச்சை வெளிச்சத்தையே பாருங்க. ஆ... சிரிங்க."

கடைசிச் சொல் தேவையே இல்லை. அந்தக் கருவி எடுப்பது விழிக்கு உள்ளே, பின்சுவரில் இருப்பதை மட்டும்தான். ஆனாலும் குமரகுருபரன் வாயிலிருந்து அது தானாக வந்துவிடும். சீவலப்பேரி கண் முகாமுக்கு நடவு வேலையிலிருந்து நேராக வந்திருந்த உலகம்மாள், முகத்தைக் கருவியிலிருந்து வெடுக்கென்று எடுத்துவிட்டுக் கேட்டாள்: "சிரிக்கணும்னு மொதல்லயே சொல்லப்பிடாதாய்யா? வெத்தலையைத் துப்பிட்டு வந்திருப்பேன்லா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். குமரகுருபரனும் சிரித்தார். ஐம்பத்துமூன்று வயது, பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் வீடு. ஒரு ஜப்பான் கேமரா கம்பெனியின் ஆளாகத் தென்மாவட்டங்களைச் சுற்றி வந்தவர். புதுக் கேமரா வந்தால் ஸ்டூடியோ ஸ்டூடியோவாகப் போய் இயக்கிக் காட்டுவது அவர் வேலை. அந்தக் காலத்துப் பழக்கங்கள் இன்னும் அவரை விடவில்லை. ஹோட்டலில் சன்னலோர மேசை இருந்தால்தான் உட்காருவார். சட்டைப் பையில் தூசி ஊதும் ரப்பர் குமிழ் ஒன்று இருக்கும். அதை வைத்து இலையில் விழுந்த தூசியைக்கூட ஊதுவார். கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் எல்லாரும் மணமக்களைப் பார்க்க, இவர் மட்டும் விளக்குகள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்பார்.

கையில் போன் வந்ததும் ஊரில் கேமரா வாங்குவோர் குறைந்தார்கள். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு முன்பெல்லாம் ஒரு பை நிறைய லென்ஸோடு போவார்; வேஷம் கட்டியவர்களைப் படமெடுக்க வந்தவர்கள் அவரை மொய்த்துக்கொள்வார்கள். கடைசியாகப் போனபோது பையைத் திறக்காமலே திரும்பினார். "கடக்கரை பூரா ஆளுக்கொரு போனைத் தூக்கிட்டு நிக்கான். நான் யாருக்கு லென்ஸைக் காட்ட?" என்றார் மனைவி விஜயஸ்ரீயிடம்.

கம்பெனி அதற்கு முன்பே விழித்துக்கொண்டது. கண்ணாடி இழைக்கும் வித்தையை ஆஸ்பத்திரிக் கருவிகள் பக்கம் திருப்பியது. வேலையை விட்டுவிடலாம், அல்லது பெங்களூரில் பயிற்சிக்குப் போகலாம் என்று சென்னை அலுவலகம் சொன்னது. குமரகுருபரன் பயிற்சிக்குப் போனார். திரும்பி வந்தபோது காரின் பின்னிருக்கையில், பெல்ட் போட்டுக் கட்டி, விழியைப் படமெடுக்கும் கருவி உட்கார்ந்திருந்தது. "கண்ணாடி அதே கண்ணாடிதான். முன்னால உக்காருத ஆளுதான் வேற" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார்.

அந்த நாட்களில்தான் ஸ்ரீவைகுண்டத்து மகேஸ்வரன் லென்ஸைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தார்.

மகேஸ்வரன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். இவரைவிட ஏழெட்டு வயது மூத்தவர். குமரகுருபரன் விற்க வந்த முதல் கேமராவை வாங்கியவரும் அவர்தான். "குமரு, இந்த லென்ஸ்ல மாப்பிள்ளை மீசையே ஒழுங்கா விழமாட்டேங்கு வே. எல்லாம் கலங்கலாத் தெரியுது."

குமரகுருபரன் படத்தைப் பார்த்தார். மீசை முடி முடியாகத் தெரிந்தது. அண்ணாச்சிக்கு எதிலும் திருப்தி வராது என்று நினைத்துக்கொண்டு, லென்ஸைச் சென்னைக்கு அனுப்பினார். 'லென்ஸில் குறையில்லை' என்று திரும்பி வந்தது. மகேஸ்வரன் ஒப்பவில்லை. குமரகுருபரன் மறுபடி அனுப்பினார். மறுபடியும் அதே பதில். "மெட்ராஸ்காரனுக்கு என்ன வே தெரியும்?" என்றார் மகேஸ்வரன். இருவரும் சிரித்தபடியே காப்பி குடித்தார்கள். கார் ஸ்டூடியோ வாசலில்தான் நின்றது. கருவியும் அதற்குள்தான் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு கண் முகாம். மகேஸ்வரன் அங்கே வந்தது குத்துவிளக்கு ஏற்றுவதைப் படமெடுக்க. கூட்டம் குறைந்த நேரத்தில் குமரகுருபரன் விளையாட்டாகக் கூப்பிட்டார்: "ஊரையெல்லாம் படம் எடுத்திட்டிய. வாங்க, ஒங்கள ஒரு படம் நான் எடுக்கேன்."

மகேஸ்வரன் தாடையை வைத்தார். சொல்லாமலே சிரித்தார்.

திரையில் இடது விழி வந்தது. செம்மஞ்சள் வட்டத்தில் திட்டுத் திட்டாக ரத்தக் கசிவு. பார்வையின் நடுமையத்தில் மஞ்சள் படலம். பயிற்சியில் பாடத்துக்காகக் காட்டிய படங்களில்தான் அவர் அப்படிப் பார்த்திருந்தார்.

"எப்படி வே விழுந்திருக்கு?"

"நல்லா விழுந்திருக்கு அண்ணாச்சி" என்றார் குமரகுருபரன். படத்தைப் பொறுத்தவரை அது பொய்யில்லை.

டாக்டர் ஆபிதா பீவி திரையைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சக்கரை இருக்கா? எப்பத்துல இருந்து பார்வை கலங்கலா இருக்கு?"

"சக்கரைக்கு மாத்திரை போடுதேன். கலங்கல் ரெண்டு வருசமா உண்டு. நாங்க லென்ஸ்தான் சரியில்லன்னு நெனச்சிட்டோம் டாக்டர்."

'நெனச்சிட்டேன்' என்று மகேஸ்வரன் சொல்லியிருக்கலாம். 'நெனச்சிட்டோம்' என்று அவர் குமரகுருபரனையும் சேர்த்துக்கொண்டது பழி சொல்ல அல்ல; அவர் பேச்சே அப்படித்தான். ஆனால் அந்த வார்த்தை குமரகுருபரனைத் தைத்தது.

லேசர் வைத்ததில் வலது கண் தப்பியது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. மகேஸ்வரன் கல்யாண வேலைகளை விட்டுவிட்டு, பாஸ்போர்ட் அளவுப் படம் மட்டும் எடுக்கிறார்.

"நீங்க டாக்டரா? ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று விஜயஸ்ரீ எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டார்.

"கண்ணைப் பத்தித் தெரியாது. கேமரா தெரியும்லா?" என்பார் குமரகுருபரன். "லென்ஸ்ல குறையில்லன்னு ஒருதடவைக்கு ரெண்டு தடவை எழுதி வருது. அப்பம் பாக்குத கண்ணுலதான குறை இருக்கணும்? இது ஏன் எனக்கு ஓடல?" விஜயஸ்ரீ சோற்றை இன்னொரு கரண்டி வைப்பார்.

இப்போது அவர் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் வழியில் பழைய ஸ்டூடியோக்காரர்களையும் விடாமல் பார்க்கிறார். கேமராவைப் பற்றிப் பேசுவதில்லை. "சக்கரை பாத்தியளா?" என்பதுதான் முதல் பேச்சு. "லே, டாக்டர் வந்துட்டாரு" என்று அவர்கள் கேலி செய்வார்கள். அவர் பாட்டுக்குக் கருவியை இறக்கி மேசைமேல் வைப்பார். அது கம்பெனிக்குத் தெரியாது.

மகேஸ்வரனைச் சோதனைக்கு அழைத்துப் போவதும் அவர்தான். போன வாரம் சொட்டு மருந்து விட்டுப் பார்த்து அனுப்பினார்கள். மருந்தில் கண்பாவை விரிந்திருந்ததால் வழியெல்லாம் மகேஸ்வரனுக்குக் கண் கூசியது. "இந்தக் கண்ணு போறதுக்குள்ள ஒன் லென்ஸைத் திட்டின திட்டு இருக்கே" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார். குமரகுருபரன் ரோட்டைப் பார்த்தபடி வண்டியை ஓட்டினார்.

ஸ்டூடியோ வாசலில் உச்சி வெயில் சிமெண்டுத் தரையில் பட்டு முகத்துக்கு எகிறியது. மகேஸ்வரன் ஷட்டருக்கு முன் குனிந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு பூட்டைத் தடவினார். சாவி துவாரத்தைவிட்டு விலகி விலகிப் போனது. "பைய, அண்ணாச்சி" என்றார் குமரகுருபரன். சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டு எட்டு முன்னால் வந்து, தன் நிழல் அவர் முகத்திலும் பூட்டிலும் விழும்படி நகர்ந்து நின்றுகொண்டார்.