இறங்கலாமா என்று கேட்டவர்

இது நடந்தது. குருநாதன் பொய் சொல்லத் தெரியாதவன் இல்லை. பெரிய பொய் ஒன்றைச் சொல்லிவிட்டு வந்துதான் அந்தக் கோடையில் காரைக்குடியில் உட்கார்ந்திருந்தான். ஆனால் இதில் பொய் இல்லை. தேதி 1968 மே 16. நேரம் பகல் 12.20 முதல் 12.40 வரை. பேய் என்றால் இரவு என்று நினைப்பவர்கள் கத்திரி வெயிலில் அந்தப் பக்கம் போனதில்லை.

முதலில் அந்தப் பொய்யைச் சொல்லிவிட வேண்டும்.

குருநாதன் பி.எஸ்ஸி. படித்தவன். ஒரு பெரிய நகரத்து விமான நிலையத்தில், டவரில் வேலை. எந்த விமானம் இறங்கலாம், எது காத்திருக்க வேண்டும் என்று சொல்கிற வேலை. அங்கே ரன்வேயில் பருந்துகள் வந்து உட்காரும். வெடி போட்டு அவற்றை விரட்டச் சின்னக்கருப்பு என்று ஒருவர் இருந்தார். சிங்கம்புணரிக்காரர், குருநாதனைவிடப் பத்து வயது மூத்தவர். நம்ம பக்கத்துப் பேச்சு காதில் விழுந்த நாளிலேயே இருவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

ரன்வே ஓரத்தில் ஒரு பெட்டிக்குள் போன் இருக்கும். ரன்வேயில் கால் வைக்கும் முன் சின்னக்கருப்பு அதன் கைப்பிடியைச் சுற்றி, "தம்பி, இறங்கலாமா?" என்று கேட்பார். குருநாதன் சரியென்று சொல்லிவிட்டு எதிரே ஆணியில் ஒரு சிவப்புப் பலகையை மாட்டுவான். பலகை தொங்கும்வரை எந்த விமானத்துக்கும் இறங்க அனுமதி கிடையாது. வேலை முடிந்து வெளியேறியதும் சின்னக்கருப்பு மறுபடி போனில் சொல்ல வேண்டும். அதன் பிறகே பலகையை எடுக்கலாம்.

இதில் குருநாதன் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தான். வெளியே வந்ததும் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், கைப்பிடியை ஒரே ஒரு சுற்று சுற்றிவிடுங்கள், ஒரு மணி அடித்து நின்றால் புரிந்துகொள்கிறேன் என்றான். சட்டத்தில் இல்லாத ஏற்பாடு. இருவருக்கு மட்டும் தெரிந்த ஏற்பாடு. ஒன்றரை வருஷம் ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது.

அந்த வருஷம் பிப்ரவரி 9. பகல் 12.38. பலகை தொங்கிக்கொண்டிருந்தது. வானத்தில் ஒரு விமானம் இறங்கக் காத்திருந்தது. மேஜையில் ஒரு மணி அடித்து நின்றது. குருநாதன் தலையைத் தூக்காமலே பலகையை எடுத்தான். விமானத்தை இறங்கச் சொன்னான்.

மேஜையில் இரண்டு போன்கள் இருந்தன. அடித்தது மற்றது.

காரைக்குடியிலிருந்து அவன் மச்சினன் சேதுபதி போட்ட டிரங்க் கால் அது. மனைவி மீனாளுக்குப் பிரசவத்தில் சிக்கல், உடனே புறப்பட்டு வா என்று சொல்வதற்காக. ஒரு மணி அடித்ததும் லைன் அறுந்துவிட்டது.

விமானத்தில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ரன்வேயில் நின்ற சின்னக்கருப்பு அடிபட்டுப் போய்விட்டார். சாயங்காலம் தந்தி வந்தது. மீனாளும் போய்விட்டாள், குழந்தையும்.

விசாரித்தவர்களிடம் அவன் ஒரே வாக்கியம்தான் சொன்னான். அவர் என்னைக் கேட்காமல் இறங்கிவிட்டார். அன்றைக்குத்தான் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனை யாரும் மேலே துருவவில்லை.

அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் டைப் அடித்து அனுப்பியிருந்தார்கள். காரைக்குடி செக்காலையில் மாமனார் வீட்டுக்கு மே 16 காலை பதிவுத் தபாலில் வந்தது. கையெழுத்துப் போட்டு அன்றே திருப்பி அனுப்ப வேண்டும். போட்டால் பழி செத்தவர் தலையில் விடியும். போடாவிட்டால் வேலை போகும், ஜெயிலும் வரலாம். சேதுபதி எட்டிப் பார்த்து என்ன கடுதாசி என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு குருநாதன் சைக்கிளை எடுத்தான்.

ஊருக்கு வெளியே யுத்த காலத்தில் போட்ட ரன்வே ஒன்று கிடக்கிறது. அதில் விமானம் இறங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வெடிப்புகளில் புல், ஓரமெல்லாம் கருவேலம். ஏன் அங்கே போனான் என்று அவனுக்கே தெரியாது. மணி 12.20. வேல மரத்தடியில் ராக்காயி என்ற ஆடு மேய்க்கிற பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஆடுகள் ரன்வேயின் விளிம்புவரை வந்து, வேலி போட்டதுபோல வரிசையாக நின்றுகொண்டிருந்தன. ஒன்றுகூடக் கால் வைக்கவில்லை.

"ஏந்தம்பி, உச்சி வேளையில குறுக்க போறீக? அங்குட்டுச் சுத்திப் போங்க. ஆடே போக மாட்டேங்குது."

"ஆட்டுக்கு என்ன தெரியும்?"

"ஆட்டுக்குத்தேன் தெரியும். படிச்சவுகளுக்கு என்ன தெரியும்?"

அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். நடுவில் வந்ததும் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. மரத்தில் இருந்த காகம் ஒன்றுகூடப் பறக்கவில்லை. மருந்து வாடை மட்டும் வந்தது.

மணி 12.34. எதிர் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. இருபது வருஷத்துக் கோடு அழிந்து போயிருக்க வேண்டும். இது பளிச்சென்று... ஈரமாக இருந்தது.

கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள். காக்கி அரை டிராயர். அக்குளில் சுருட்டிய சிவப்புக் கொடி. கால் விரல்கள் கோட்டைத் தொடாமல் நின்றன.

இருநூறு கெஜ தூரம் இருக்கும். குரல் மட்டும் காதோரம் கேட்டது.

"தம்பி... இறங்கலாமா?"

குருநாதன் சைக்கிளை நிறுத்தினான்.

பின்னால் என்ஜின் இரைச்சல். திரும்பினான். வானம் வெறுமையாக இருந்தது. ஆனால் ஆடுகள் எல்லாம் தலையைத் தூக்கியிருந்தன. எதையோ பார்த்தபடி அத்தனை தலைகளும் ஒன்றாக, மெல்லத் திரும்பின... கிழக்கிலிருந்து மேற்காக.

"தம்பி, இறங்கலாமா?"

வேண்டாம் என்று ஒரு சொல் போதும். அது தொண்டைவரை வந்தது.

பதில் சொன்னால், அவர் கேட்டார் என்று ஆகிவிடும்.

சட்டைப்பையில் தாள் சுட்டது.

12.37.

இரைச்சல் தலைக்கு மேல்.

"தம்பி..."

அவன் வாயை மூடிக்கொண்டான்.

12.38.

அந்தக் கால் கோட்டைத் தாண்டியது...

சத்தம் நின்றது. கண்ணைத் திறந்தபோது கோடு இல்லை, ஆள் இல்லை. மணி 12.40. ஆடுகள் ரன்வேயில் பரவி மேய்ந்துகொண்டிருந்தன. அவன் தடுமாறி மரத்தடிக்கு வந்தான். ராக்காயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்த மனுசன் அம்புட்டுத் தடவ கேட்டாரே. ஒரு பதில் சொன்னா கொறஞ்சா போயிருவீக?"

இதற்குப் பிறகாவது அவன் திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை. 3.10 மணிக்குச் செக்காலைத் தபாலாபீஸில் அந்த ஆங்கிலத் தாளில் கையெழுத்துப் போட்டான். உறையை ஒட்டி, பதிவுத் தபாலில் சேர்த்து, ரசீது வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. இரண்டே வரி. தாங்கள் அனுப்பிய வாக்குமூலம் தமிழில், கையால் எழுதப்பட்டுள்ளது. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து மீண்டும் அனுப்பவும்.

கூடவே அந்தத் தாளைத் திருப்பியிருந்தார்கள். ஒற்றைத் தாள். நீல மை. இரண்டு போன்கள், ஒரு மணி ஏற்பாடு, பலகையை எடுத்தது, எல்லாம் இருந்தது. கடைசி வரி: சின்னக்கருப்பு என்னைக் கேட்டுவிட்டுத்தான் இறங்கினார். கீழே குருநாதனின் கையெழுத்து. அவன் போட்டதுதான். சந்தேகமில்லை.

சேதுபதி தாளை வாங்கிப் பார்த்தான். உட்கார்ந்துவிட்டான்.

"மாப்ள... இதை எப்ப எழுதி வாங்குனீக? இது மீனா எழுத்துல்ல?"

குருநாதனுக்கும் அது பார்த்தவுடனே தெரிந்திருந்தது. அன்றே உட்கார்ந்து, ஒரு சொல் மாற்றாமல் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினான். வேலை போனது. சின்னக்கருப்பு மேல் இருந்த பழி நீங்கியது. விசாரணையில் அவனிடம் எதை எதையோ கேட்டார்கள். அந்தத் தாளை எழுதியது யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

மீனாள் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. உயிரோடு இருந்தபோது, அந்த ஒரு மணி ஏற்பாட்டைப் பற்றி அவன் அவளிடம் சொன்னதே இல்லை.