ஊர் வாயில் எங்கள் குடும்பப் பெயர்

என் வீட்டுக்காரர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான் வளர்ந்தோம். அவருடைய குடும்பப் பெயரையோ மலாக்கா நகரமே சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டது. அதனால் இரண்டையும் இங்கே எழுதப் போவதில்லை.

நான் உஜோங் பாசிரில் பிறந்த தமிழ்ப்பெண். கட்டிக்கொடுத்தது காஜா பேராங்கில், ஒரு மலாக்காச் செட்டிக் குடும்பத்தில். அவர்கள் கும்பிடுவது நம் சாமிகளை. வீட்டில் பேசுவது மலாய். என்றைக்கோ கப்பலில் வந்த பாட்டனின் பெயர்தான் இன்றுவரை அத்தனை பேருக்கும் கடைசிப் பெயர். “செத்தவர் பெயரை எத்தனை தலைமுறைக்குச் சுமப்பீர்கள்?” என்று கல்யாணமான புதிதில் அவரைக் கேலி செய்வேன். சிரித்துக்கொள்வார். கோபமே வராத மனுஷர். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம்.

போகியன்று அவர்கள் பார்ச்சு செய்வார்கள். இறந்துபோன பெரியவர்களுக்குச் சோறு படைப்பது. வரிசையாக இலை போட்டு, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, வீட்டார் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு நிற்க வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்குதான் எங்களுக்குச் சோறு. ஆனாலும் அந்தப் போகிக்கென்று மாமியார் பிடிப்பிடியாக அரிசி சேர்த்து வைத்திருந்தார்.

கதவைச் சாத்திவிட்டு நின்றபோது சிப்பாய்கள் வந்தார்கள். எவன் போட்டுக்கொடுத்தானோ, நாசமாய்ப் போக! ஜப்பான்காரனை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருந்தவர்களுக்குச் சோறு போடுகிறவர்களைத் தேடிக்கொண்டிருந்த சமயம் அது. கதவைத் திறந்தால், ஆளில்லாத அறையில் வரிசையாக இலை, சோறு, வெற்றிலை, சுருட்டு. வீட்டில் நாங்களோ மூன்றே பேர்.

யாருக்கு இந்தச் சாப்பாடு என்று மொழிபெயர்ப்பாளன் மலாயில் கேட்டான். சாமிக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். ஆனால் இலையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை இல்லையென்று சொன்னால், கூப்பிட்டுவிட்டு விரட்டியதாகிவிடும் என்று நினைத்தார் என் வீட்டுக்காரர். தாத்தா, பெரியப்பா, சித்தப்பா என்று வரிசையாகப் பெயர்களைச் சொன்னார். எல்லாப் பெயருக்கும் பின்னால் அதே குடும்பப் பெயர். எங்கே அவர்கள் என்றான். “சூடா பாலேக்,” என்றார். திரும்பிப் போய்விட்டார்கள் என்று அர்த்தம். அவர்கள் இறந்தவர்கள் என்று சொல்வதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது. ஒரு கும்பலே தப்பிவிட்டதென்று அவரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் நானும் மாமியாரும் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் அதிகாரியிடம் பார்ச்சு என்றால் என்னவென்று விளக்கினோம். அவன் பொறுமையாகக் கேட்டான். எங்கள் நாட்டிலும் இறந்தவர்களுக்குச் சாப்பாடு வைப்போம் என்றான். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்த வாக்கியத்தில், கும்பலில் ஒருவன் பிடிபட்டானென்று மேலே சொல்லியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றான். அவரைச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிவிட்டார்கள்.

சில மாதம் கழித்து ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் சாமான் வாங்க நின்றிருந்தேன். சும்மா நடந்துபோன ஒருவனைச் சிப்பாய் அறைந்துவிட்டுப் போனான். பாவம், இவனும் நம்ம இன்னார்தான் என்று கடைக்காரர் எங்கள் குடும்பப் பெயரைச் சொன்னார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அண்ணே, அது ஒரு மனுசனோட பேரு. என் வீட்டுக்காரரு பேரு.”

அவர் முகம் செத்துப்போயிற்று. “தப்பா சொல்லலம்மா. ஒரு குத்தமும் பண்ணாம மாட்டிக்கிட்டவன வேற என்னான்னு சொல்றது?”

என் வீட்டுக்காரர்மேல் குற்றமில்லை என்று ஊரே ஒத்துக்கொண்டுவிட்டது. அதனால் அவருக்கு என்ன பிரயோசனம்?

அடுத்த போகிக்குக் கொஞ்சம் முன்னால், சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர் எங்களைத் தேடி வந்தார். வாந்திபேதி என்றார். தானே குழி வெட்டியதாகச் சொன்னார். நான் நம்பவில்லை. மாமியார் நம்பினார்.

அந்தப் போகிக்கு அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்கைத்தான் படைத்தோம். அக்கம்பக்கத்தில் பயந்துகொண்டு இலையே போடவில்லை. மாமியார் கடைசியில் ஓர் இலை கூடுதலாகப் போட்டார். மற்றவர்களையெல்லாம் முணுமுணுப்பாகக் கூப்பிட்டவர், அந்த இலைக்கு வந்ததும் சாம்பிராணித் தட்டை என் கையில் கொடுத்தார். நீ கூப்பிடு என்றார்.

கூப்பிட்டால் அவர் செத்தது உண்மையாகிவிடும். கூப்பிடாவிட்டால் பட்டினி. அவர் பெயர் நாக்கில் வரவில்லை. குடும்பப் பெயர் வந்தது. கடைத்தெருவில் சிரித்தார்களே, அந்தப் பெயரைச் சொல்லி, “மாரி மாக்கான்,” சாப்பிட வாருங்கள் என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டேன். மாமியார் பதறிப்போய் என் வாயைப் பொத்தினார்.

வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்றோம். அன்று எந்தச் சிப்பாயும் வரவில்லை. வந்து, உள்ளே யார் சாப்பிடுவது என்று கேட்டிருந்தால் நானும் பொய் சொல்லியிருக்கமாட்டேன். என் வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்றுதான் சொல்லியிருப்பேன்.